துருக்கியில் ஒரு தயிர்சாதம்!

இஸ்தான்புல்லில் இருந்து கோன்யாவுக்கு ராத்திரி பஸ். சுமார் 700 கிலோமீட்டர். கிளம்பின கொஞ்ச நேரத்தில், வெள்ளைச் சட்டை போட்ட பஸ் பையன் ஒருவன் பாட்டிலோடு வந்தான். எல்லோரும் கை நீட்டினார்கள். நானும் நீட்டினேன். உள்ளங்கையில் எதையோ ஊற்றினான். கமகமவென்று எலுமிச்சை வாசனை. சின்ன வயசிலிருந்து பெருமாள் கோயில் பழக்கமாச்சே... கை தானாக வாய்க்குப் போய்விட்டது!

பக்கத்து சீட் தாத்தா பதறிப்போய் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். இரண்டு கையையும் தேய்த்து, முகத்தில் தடவிக் காட்டினார். விஷயம் இதுதான். அதன் பெயர் ‘கொலோன்யா’. நம்ம ஊர்க் கல்யாண வாசலில் பன்னீர் தெளிக்கிறோமே, அந்த மாதிரி அங்கே விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை. ஆனால் ஆல்கஹால் கலந்த சென்ட்! என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

துருக்கியோடு எங்கள் பேச்சுவார்த்தை இப்படித்தான் ஆரம்பித்தது.

1928-ல், அத்தாதுர்க் காலத்தில், அரபு எழுத்தை விட்டுவிட்டு லத்தீன் எழுத்துக்கு மாறியவர்கள் அவர்கள். அதனால் போர்டுகளை எல்லாம் கடகடவென்று படித்துவிடலாம். அர்த்தம்தான் தெரியாது!

வாக்கிய அமைப்பு மட்டும் நம்ம சொந்தக்காரர் மாதிரி. ‘எவ்’ என்றால் வீடு, ‘எவ்லெர்’ வீடுகள், ‘எவ்லெர்தெ’ வீடுகளில். நம்மைப் போலவே வால் மேல் வால் ஒட்டிக்கொண்டே போகிறார்கள். வினைச்சொல்லும் பெரும்பாலும் கடைசியில்தான். ‘சு’ என்றால் தண்ணீர். ‘வார்’ என்றால் உண்டு. கேள்விக்கு நாம் ‘ஆ’ போடுவது போல அவர்கள் கடைசியில் ‘மு’ போடுகிறார்கள். ‘சு வார் மு?’ என்றால், ‘தண்ணி இருக்கா?’

இதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு, கோன்யாவில் ரூமி சமாதிக்குப் பக்கத்துப் பெட்டிக்கடைக்கு கம்பீரமாகப் போனேன். “சு வார் மு?”

கடைக்காரர் மோவாயை மேலே தூக்கி, புருவத்தை உயர்த்தி, “த்ச்” என்றார்.

நம்ம ஊரில் மோவாயைத் தூக்கினால் ‘என்ன?’ என்று அர்த்தம். சரி, காது மந்தம் போலிருக்கிறது என்று உரக்கக் கேட்டேன். மறுபடி தூக்கினார். இன்னும் உரக்கக் கேட்டேன். நாலாவது தடவை மனிதர் வெறுத்துப்போய் ஃபிரிட்ஜைத் திறந்தே காட்டிவிட்டார். காலி! அங்கே மோவாயைத் தூக்கினால் ‘இல்லை’யாம். ‘சாப்பிட்டியா?’ என்று கேட்டால் நம்ம வீட்டு வாண்டுகள் ‘ச்சு’ கொட்டுமே, அதே ‘ச்சு’தான். எனக்குத்தான் உறைக்கவில்லை.

வார்த்தைகளிலும் பழைய முகங்கள் நிறைய. ‘ஹாஸிர்’ என்றால் தயார். நம்ம ‘ஆஜர்’! ‘மெய்தான்’ நம்ம மைதானம். பணம் வசூலிக்கிறவர் ‘தஹ்சில்தார்’. அரபியும் பாரசீகமும் அங்கே சுல்தான்களோடு போயின. இங்கே நவாபுகளோடு வந்தன. பி.காம். படித்த எனக்கு ஹோட்டல் பில்லுக்கு ‘ஹெசாப்’ என்று கேட்டதும் ஒரே குஷி.

குஷியெல்லாம் அன்று ராத்திரி வரைக்கும்தான்.

ஒரு மணி இருக்கும். மனைவிக்கு வாந்தி, பேதி. நாலு தடவை பாத்ரூம் போய் வந்தவள் சுருண்டு படுத்துவிட்டாள். உதடு உலர்ந்து, கை சில்லிட்டுக் கிடந்தது. மொழிபெயர்க்க போனில் ஆப் இருக்கிறதே என்கிறீர்களா? அந்த நேரம் பார்த்து போனில் சார்ஜ் இல்லை! எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

விடுதியை நடத்துகிற அம்மாளுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கதவைத் தட்டி எழுப்பினேன். ஒரு வார்த்தை வரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு, பாத்ரூம் பக்கம் ஓடிக் காட்டினேன். சிவாஜி பார்த்திருந்தால் கை தட்டியிருப்பார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, “கெல், கெல்” என்று கையசைத்து முன்னால் நடந்தார். ‘வா, வா!’

துருக்கியில் மருந்துக்கடைக்கு ‘எஜ்ஸானே’ என்று பெயர். வாசலில் சிவப்பு ‘ஈ’ எழுத்து போர்டு. ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் முறைக் கடை ஒன்று ஊருக்கு ஊர் உண்டு. எந்தக் கடை என்ற விவரம் மூடின கடையின் கதவில் இருக்கும். அதைப் படித்துப் பார்த்து என்னை அழைத்துப் போனார்.

கடைக்காரர் நெற்றியைத் தொட்டு, “ஆதெஷ்?” என்றார். ஜுரமா என்கிறார். வழக்கம் போலத் தலையை ஆட்டினேன். நம்ம ஆட்டலில் ஆமாவா இல்லையா என்று புரியாமல் அவர் விழித்தார். சட்டென்று பெட்டிக்கடை ஞாபகம் வந்தது. மோவாயைத் தூக்கி, “த்ச்!” அவருக்குப் புரிந்துவிட்டது! மாத்திரையும், தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புப் பொடியும் கொடுத்து, “கெச்மிஷ் ஒல்சுன்” என்றார். ‘கடந்து போகட்டும்’ என்று அர்த்தம். உடம்பு சரியில்லாதவர்களுக்கு அங்கே எல்லோரும் சொல்கிற வார்த்தை.

காலையில் அந்த அம்மாள் ஒரு கிண்ணத்தோடு வந்தார். குழைய வெந்த சாதம், கொஞ்சம் உப்பு, மேலே கெட்டித் தயிர். ‘லாபா’ என்றார். வயிற்றுக் கோளாறுக்கு அவர்கள் வீட்டுப் பத்தியம்.

மனைவி ஒரு வாய் வைத்தாள். கண்ணில் பொலபொலவென்று நீர். “தயிர்சாதங்க...” என்றாள். பஸ்ஸில் குழந்தைகள் தாயை ‘அன்னெ’ என்று கூப்பிட்டதைக் கேட்டிருக்கிறாள் போல. அந்த அம்மாளைப் பார்த்து, “அன்னெ” என்றாள். அவர் தலையைத் தடவி, “குஸும்” என்றார். ‘என் பொண்ணே!’

இரண்டு நாள் கழித்துக் கிளம்பினோம். மருந்துக்கு அலைந்ததற்கும் சாதத்துக்கும் பணம் நீட்டினேன். நெஞ்சில் கை வைத்து மறுத்துவிட்டார். டாக்ஸி நகர்ந்ததும் பின்னால் சளார் என்று சத்தம். திரும்பிப் பார்த்தால், அந்த அம்மாள் தெருவில் தண்ணீரைக் கொட்டிவிட்டு நிற்கிறார்! கோபமோ என்று பயந்துபோனேன். டிரைவர் சிரித்தார். “சு...” என்று சொல்லி, கையை ஓடவிட்டுக் காட்டி, “கெல்” என்று திருப்பிக் கொண்டுவந்தார். தண்ணீர் போலத் தங்கு தடையில்லாமல் போ, தண்ணீர் போலத் திரும்பி வா!

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “ஆரத்தி எடுத்திருக்காங்க... தட்டுல காசு போட்டீங்களா?”

“வாங்க மாட்டேன்னுட்டாங்களே!”

“அப்போ பாக்கின்னு எழுதிக்குங்க. இன்னொரு தடவை வந்துதான் தீர்க்கணும்!”