எலியும் இருளும்
தசைநோவை ஆராய்வோர், எலியின் பாதத்தை நுண்ணிய இழையால் தொட்டு, அது எப்போது காலை இழுக்கின்றது எனக் கணிப்பர். காலை இழுத்தல் வேதனைக்கு அளவாகுமா? ஆகாதென்பேன். 2000 ஆம் ஆண்டில் லபுடா, பியூக்ஸ் என்போர் வேறொரு வழி வகுத்தனர். பாதி இருளும் பாதி வெளிச்சமுமான பெட்டி. எலி விரும்புவதோ இருளையே. இருளில் நின்றால் நோவுள்ள பாதத்தைக் குத்துவர். வெளிச்சத்தில் நின்றால் நோவற்ற பாதத்தை. நோவுற்ற எலி மெல்ல மெல்லத் தன் இருளைத் துறந்து, தான் அஞ்சும் வெளிச்சத்திலேயே தங்கிவிடுகின்றது!

மூளையின் முன்சிங்குலேற்றுப் பகுதியைச் சிதைத்தபோது கால் முன்போலவே கூசியது. இருளைத் துறப்பது மட்டும் குறைந்தது என்று 2004 இல் கண்டனர். இழுக்கும் காலும் வருந்தும் உள்ளமும் வேறென்பதற்கு இதனினும் தெளிவான சான்றை நான் அறியேன்.

தசைநோவிலோ ஒரு சிக்கலுண்டு. ஒரு கெண்டைக்காலில் 5 நாள் இடைவிட்டு இருமுறை அமில உப்புநீர் ஏற்றினால், இரு பாதங்களுமே கூசும். அவ்வெலிக்கு நோவற்ற பாதம் ஏது? பெட்டியை மாற்றித்தான் அமைக்கவேண்டும்.