அணிகளும் உள்ளமைந்த சார்புகளும்: மூன்று வினாக்களில் விளங்கிக்கொள்வோம்



அணி என்றால் என்ன என்று கேட்டால் உங்களிற் பலர் உடனே விடை சொல்வீர்கள். ஒரே பெயரின் கீழ் பல பெறுமானங்களைச் சேமித்து வைக்கும் அமைப்பே அணி. ஆறு பாடப் புள்ளிகளுக்கு ஆறு மாறிகள் வேண்டியதில்லை, ஓர் அணி போதும். இதுவரை சிக்கல் இல்லை. சேமித்த புள்ளிகளைக் கூட்டவோ, தேடவோ, வரிசைப்படுத்தவோ முற்படும்போதுதான் பிழைகள் ஆரம்பமாகின்றன.

பஸ்கால் மொழியில் அணியை வரிசைப்படுத்த வேண்டுமாயின் மீள்செயலுக்குள் மீள்செயல் வைத்து நாமே எழுத வேண்டும். வலைத்தளங்களுக்கான பீ.எச்.பீ. மொழியில் இவ்வேலைகளுக்கு உள்ளமைந்த சார்புகள் ஏற்கெனவே உள்ளன. ரஸ்மஸ் லேர்டோர்வ் என்பவர் 1995 இல் வெளியிட்ட இம்மொழி, சேவையகத்தில் இயங்கி அதன் விளைவை மேலோடிக்கு அனுப்புகின்றது. இப்பகுதியில் அதன் அணிச் சார்புகளுட் சிலவற்றைக் கற்போம்.

குறிப்பு: சார்புகளின் பெயர்களை இங்கு ஒலிப்பின்படி தமிழில் தந்துள்ளேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சுச் செய்ய வேண்டும். ஆனால் மாறிகளின் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், பீ.எச்.பீ. அதனை ஏற்றுக்கொள்ளும். மாறியின் முன்னால் டொலர் குறி கட்டாயம்.

1. இரண்டு வகை அணிகள்

ஒரு மாணவரின் தவணைப் பரீட்சைப் புள்ளிகளை எடுத்துக்கொள்வோம்.

$புள்ளிகள் = [72, 72, 40, 48, 65, 81];

இது சுட்டெண் கொண்ட அணி. சுட்டெண் 0 இலிருந்து ஆரம்பிக்கும். எனவே $புள்ளிகள்[0] என்பது 72, $புள்ளிகள்[5] என்பது 81. மூலகங்கள் ஆறு, ஆனால் கடைசிச் சுட்டெண் 5. இதனை மறந்து புள்ளியைக் கோட்டை விடுபவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு.

இதே தரவை இவ்வாறும் எழுதலாம்.

$அறிக்கை = ["சமயம்" => 72, "தமிழ்" => 72, "ஆங்கிலம்" => 40, "கணிதம்" => 48, "விஞ்ஞானம்" => 65, "வரலாறு" => 81];

இங்கு ஒவ்வொரு பெறுமானத்துக்கும் ஒரு பெயர் உண்டு. அப்பெயரைச் சாவி என்கிறோம். $அறிக்கை["கணிதம்"] என்று கேட்டால் 48 கிடைக்கும். முதலாவது அணியில் 48 என்பது வெறும் எண். இரண்டாவதில் அது கணிதப் புள்ளி. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

2. எச்சார்பிடமும் கேட்க வேண்டிய மூன்று வினாக்கள்

சார்புகளின் பட்டியலை மனனம் செய்யாதீர்கள். புதிய சார்பொன்றைக் காணும்போது பின்வரும் மூன்று வினாக்களைக் கேளுங்கள்.

(அ) அடைப்புக்குறிக்குள் எதனைக் கொடுக்க வேண்டும்?
(ஆ) எதனைத் திருப்பித் தரும்?
(இ) நான் கொடுத்த மூல அணியை மாற்றிவிடுமா?

பெரும்பாலான பிழைகள் (ஆ), (இ) ஆகிய இரண்டையும் கேளாமல் விடுவதால் ஏற்படுகின்றன.

3. அணியை மாற்றாத சார்புகள்

கவுண்ட்($புள்ளிகள்) : மூலகங்களின் எண்ணிக்கை. விடை 6.
அறே_சம்($புள்ளிகள்) : கூட்டுத்தொகை. விடை 378.
மக்ஸ்($புள்ளிகள்) : மிகப் பெரியது. விடை 81.
மின்($புள்ளிகள்) : மிகச் சிறியது. விடை 40.
இன்_அறே(65, $புள்ளிகள்) : 65 அணியில் உண்டா? விடை உண்மை.
அறே_சேர்ச்(81, $அறிக்கை) : 81 எந்தச் சாவியில் உள்ளது? விடை "வரலாறு".

இவை அணியைப் பார்த்து விடை சொல்லும், அணியைத் தொடமாட்டா. இரண்டு சார்புகளை இணைத்தால் பயன் கூடும். கூட்டுத்தொகையை எண்ணிக்கையால் வகுத்தால் 378 / 6 = 63, அதாவது சராசரி. மக்ஸ் தந்த 81 ஐ அறே_சேர்ச் இடம் கொடுத்தால் அதிக புள்ளி பெற்ற பாடம் கிடைக்கும்.

ஒரு பெறுமானம் இரண்டு தடவை இருந்தால் அறே_சேர்ச் முதலாவதை மட்டுமே தரும். 72 ஐத் தேடினால் "சமயம்" வரும், "தமிழ்" வராது. எல்லாச் சாவிகளும் வேண்டுமெனின் அறே_கீஸ்($அறிக்கை, 72) எனக் கேட்க வேண்டும்.

பரீட்சையில் போலிக்குறிமுறை கேட்கப்பட்டால் இச்சார்புகள் துணைக்கு வரா. உள்ளே நடப்பதை நீங்களே எழுத வேண்டியிருக்கும். அறே_சம் உள்ளே செய்வது இவ்வளவுதான்:

மொத்தம் = 0
அணியின் ஒவ்வொரு புள்ளிக்கும்
    மொத்தம் = மொத்தம் + புள்ளி
மீள்செயல் முடிவு
மொத்தத்தை வெளியிடு

4. அணியை மாற்றும் சார்புகள்

சோட்($புள்ளிகள்) என எழுதினால் அணி ஏறுவரிசைக்கு மாறும்: 40, 48, 65, 72, 72, 81. பழைய ஒழுங்கு அழிந்துவிடும். மூல ஒழுங்கு மீண்டும் தேவைப்படுமாயின் முதலிலேயே $பிரதி = $புள்ளிகள்; எனப் பிரதி எடுத்து வையுங்கள்.

இங்கு மாணவர் அடிக்கடி விடும் பிழை இது:

$புள்ளிகள் = சோட்($புள்ளிகள்);

பார்வைக்குச் சரிபோலத் தோன்றும். ஆனால் சோட் திருப்பித் தருவது வரிசைப்படுத்திய அணியை அன்று, "வேலை முடிந்தது" என்பதைக் குறிக்கும் உண்மை என்ற பெறுமானத்தையே. எனவே ஆறு புள்ளிகளும் போய், மாறியில் உண்மை மாத்திரம் எஞ்சும். அதனைத் திரையில் வெளியிட்டால் 1 எனக் காட்டும். இரண்டாவது வினாவைக் கேட்டிருந்தால் இப்பிழை நேராது.

அறே_புஷ்($புள்ளிகள், 55) என்பது அணியின் இறுதியில் 55 ஐச் சேர்க்கும். அது திருப்பித் தருவது புதிய எண்ணிக்கையை, அதாவது 7 ஐ. அறே_பொப்($புள்ளிகள்) இறுதி மூலகத்தை நீக்கி, நீக்கிய பெறுமானத்தைத் திருப்பித் தரும்.

5. சோட் அழிக்கும் இன்னொன்று

இப்போது சாவிகள் கொண்ட $அறிக்கை அணியைச் சோட் இடம் கொடுத்தால் என்ன நடக்கும்? எண்கள் ஒழுங்காகும், ஆனால் பாடப் பெயர்கள் முழுவதும் நீக்கப்பட்டு 0, 1, 2 எனப் புதிய சுட்டெண்கள் இடப்படும். வழு எதுவும் காட்டப்படாது. அந்த எண்களைப் பழைய பாட ஒழுங்கின் அருகே அச்சிட்டால் வருவது இது:

பாடம் : உண்மையான புள்ளி : அச்சான புள்ளி
சமயம் : 72 : 40
தமிழ் : 72 : 48
ஆங்கிலம் : 40 : 65
கணிதம் : 48 : 72
விஞ்ஞானம் : 65 : 72
வரலாறு : 81 : 81

கூட்டுத்தொகை சரி, சராசரியும் சரி. ஆனால் ஆறில் ஐந்து பாடங்கள் பிழை. கணிதத்துக்கு மேலதிக வகுப்புத் தேவையான பிள்ளை, தனக்கு 72 என நம்பிக்கொண்டிருக்கும்.

இதனை நான் நூலில் மட்டும் படிக்கவில்லை. கற்பிக்கத் தொடங்கிய புதிதில் ஒரு வகுப்புக்குப் புள்ளிப் பட்டியல் தயாரித்தேன். பெயர்கள் ஓர் அணியில், புள்ளிகள் வேறோர் அணியில் இருந்தன. புள்ளிகளை மட்டும் வரிசைப்படுத்திவிட்டு இரண்டையும் அருகருகே அச்சிட்டுச் சுவரில் ஒட்டினேன். 84 எடுத்த மாணவியின் பெயருக்கு எதிரே 23 என இருந்தது. சராசரியைச் சரிபார்த்தேன், அது பொருந்தியது, ஆகவே பட்டியலும் சரியென்றே இருந்துவிட்டேன். அப்பிள்ளை மூன்று நாட்களாக வகுப்புக்கு வராததால் விடைத்தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோதே பிழை தெரிந்தது. கணினி தவறு செய்யவில்லை. நான் கேட்டதை அது செய்தது, கேட்டதுதான் பிழை.

சாவி அழியாமல் வரிசைப்படுத்தத் தனியான சார்புகள் உண்டு.

சோட் : பெறுமானப்படி ஏறுவரிசை. சாவி அழியும்.
ஆர்சோட் : பெறுமானப்படி இறங்குவரிசை. சாவி அழியும்.
ஏசோட் : பெறுமானப்படி ஏறுவரிசை. சாவி கூடவே வரும்.
ஏஆர்சோட் : பெறுமானப்படி இறங்குவரிசை. சாவி கூடவே வரும்.
கேசோட் : சாவிப்படி ஏறுவரிசை. பெறுமானம் கூடவே வரும்.

"ஆர்" வந்தால் இறங்குவரிசை, "ஏ" வந்தால் சாவி காப்பாற்றப்படும், "கே" வந்தால் சாவியின்படி வரிசை. இதனை நினைவில் வைத்தால் ஐந்தும் மனதில் நிற்கும்.

ஏசோட்($அறிக்கை) தரும் ஒழுங்கு: ஆங்கிலம் 40, கணிதம் 48, விஞ்ஞானம் 65, சமயம் 72, தமிழ் 72, வரலாறு 81. சமயத்துக்கும் தமிழுக்கும் ஒரே புள்ளி. 2020 இல் வெளிவந்த பீ.எச்.பீ. 8 முதல், சமமான பெறுமானங்கள் தமது பழைய ஒழுங்கிலேயே இருக்கும். அதற்கு முந்திய பதிப்புகளில் இதற்கு உத்தரவாதம் இல்லை.

6. பூச்சியம் தரும் தொல்லை

பூச்சியம் தொடர்பான மூன்று இடங்களில் நிதானம் தேவை.

முதலாவது, தேடல். மூல ஒழுங்கிலுள்ள $புள்ளிகள் அணியில் 72 ஐத் தேடினால் அறே_சேர்ச் 0 ஐத் தரும், ஏனெனில் அது முதலாவது இடத்தில் உள்ளது. காணாவிட்டால் அது பொய் என்ற பெறுமானத்தைத் தரும். நிபந்தனைக் கூற்றில் 0 உம் பொய்யாகவே கொள்ளப்படும். ஆகவே முதலாவது இடத்தில் இருப்பவரைக் "காணவில்லை" எனச் செய்நிரல் சொல்லும். இதனைத் தவிர்க்க, விடையைப் பொய் என்பதுடன் ஒப்பிடும்போது மூன்று சமன் குறிகளை (===) இடுக. அது பெறுமானத்தோடு தரவு வகையையும் ஒப்பிடும்.

இரண்டாவது, ஒப்பிடல். [72, 0, 65] என்ற அணியில் "சமுகமில்லை" என்ற சொல் உண்டா என இன்_அறே இடம் கேட்டால், பீ.எச்.பீ. 8 இற்கு முந்திய பதிப்புகள் உண்மை என்றன. அவை சொல்லை எண்ணாக மாற்றி 0 எனக் கொண்டதே காரணம். பீ.எச்.பீ. 8 இல் விடை பொய். எப்பதிப்பிலும் பாதுகாப்பாக இருக்க, மூன்றாவதாக உண்மை என்ற பெறுமானத்தையும் கொடுங்கள். அப்போது தரவு வகையும் பார்க்கப்படும்.

மூன்றாவது, சராசரி. மாணவர் வரலாற்றுப் பரீட்சைக்குச் சமுகமளிக்கவில்லை என்போம். அவ்விடத்தில் வெற்றுப் பெறுமானம் வைக்கப்பட்டுள்ளது. அறே_சம் அதனை 0 எனக் கொண்டு 297 தரும். கவுண்ட் அதனையும் எண்ணி 6 தரும். சராசரி 49.5. எழுதிய ஐந்து பாடங்களுக்கு மட்டும் பார்த்தால் 297 / 5 = 59.4. ஏறத்தாழ பத்துப் புள்ளி வித்தியாசம்!

வெற்றுப் பெறுமானங்களை நீக்க அறே_பில்ட்டர் என்ற சார்பு உண்டு. நிபந்தனை எதுவும் கொடாமல் அதனைப் பயன்படுத்தினால் வெற்றிடத்தோடு 0 உம் நீக்கப்படும். பரீட்சைக்கு வராதவரும், வந்து எழுதி 0 எடுத்தவரும் ஒருவரல்லர். "வெற்றாக இல்லாதவற்றை வைத்திரு" என்ற நிபந்தனையை நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டும்.

7. ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டியவை

• சுட்டெண் 0 இல் ஆரம்பிக்கும், கடைசிச் சுட்டெண் எண்ணிக்கையிலும் 1 குறைவு.
• சோட் வகைச் சார்புகள் மூல அணியையே மாற்றும், அணியைத் திருப்பித் தரா.
• சாவி முக்கியமாயின் ஏசோட் அல்லது ஏஆர்சோட் பயன்படுத்துக.
• பெயரையும் புள்ளியையும் இரு வேறு அணிகளில் பிரித்து வைக்காதீர்கள்.
• கூட்டுத்தொகை சரியாக வந்தால் எல்லாம் சரி என எண்ணாதீர்கள். ஓரிரு மூலகங்களைக் கையால் சரிபாருங்கள்.

8. பயிற்சி வினாக்கள்

(1) $அ = [30, 10, 20]; $ஆ = சோட்($அ); இதன் பின் $அ, $ஆ ஆகியவற்றின் பெறுமானங்கள் யாவை?
(2) அதனைத் தொடர்ந்து $இ = அறே_புஷ்($அ, 50); எனின் $இ யாது?
(3) $அறிக்கை அணியை, பாடப் பெயர் அழியாமல், கூடிய புள்ளி முதலில் வருமாறு ஒழுங்குபடுத்த எச்சார்பு பொருத்தமானது?
(4) ஒருவரின் புள்ளிகள்: 60, வெற்று, 0, 90. அவர் எழுதிய பாடங்களின் சராசரி யாது? கவுண்ட் சார்பால் நேரடியாக வகுத்தால் என்ன வரும்? நிபந்தனையின்றி அறே_பில்ட்டர் பயன்படுத்திய பின் வகுத்தால் என்ன வரும்?

விடைகள்: (1) $அ = [10, 20, 30], $ஆ = உண்மை. (2) 4. (3) ஏஆர்சோட். (4) 150 / 3 = 50; 150 / 4 = 37.5; 150 / 2 = 75.

நான்காவது வினாவை மீண்டும் ஒருமுறை பாருங்கள். ஒரே மாணவர், ஒரே புள்ளிகள், மூன்று சராசரிகள். மூன்றையும் கணினி வழுவின்றிக் கணித்துத் தரும். அவற்றுள் எது அந்த மாணவருக்கு உரியது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் செய்நிரலை எழுதும் நீங்களே. விடைகளைப் பார்க்காமல் நான்கு வினாக்களையும் தாளில் செய்து பாருங்கள். அதன் பின் கணினியில் இயக்கி ஒப்பிடுங்கள்.