தடையால் பிழைத்த படச்சுருள்: மார்த்தாண்ட வர்மா (1933) ஊமைப்படத்தின் அருமை

படச்சுருள் ஓட ஓடத் தேயும் பொருள். கோயம்புத்தூர்ச் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஊர் ஊராகக் கூடாரமடித்துப் படம் காட்டத் தொடங்கிய காலம் முதல், கொங்குநாட்டில் ஊமைப்படம் சுற்றுக்காட்சியாகவே வளர்ந்தது. சுற்றில் விடப்பட்ட படி கீறலுற்றது; அறுந்தது; எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருளாதலால் பெட்டியில் கிடந்தபோதும் சிதைந்தது. ஆர். நடராஜ முதலியாரின் கீசகவதம் உள்ளிட்ட தென்னிந்திய ஊமைப்படங்கள் ஏறத்தாழ அனைத்தும் இன்று பெயரளவிலேயே எஞ்சியுள்ளன. இவற்றிடையே மார்த்தாண்ட வர்மா பிழைத்ததற்குக் காரணம், அது ஓடவிடாமல் தடுக்கப்பட்டமையே எனலாம்.

நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ் தயாரிக்க, பி. வி. ராவ் இயக்கிய இப்படம் சி. வி. இராமன் பிள்ளையின் மலையாளப் புதினத்தை (1891) மூலமாகக் கொண்டது. புதினத்தின் உரிமை தன்னிடம் உள்ளது எனக் கமலாலயா புத்தக நிலையம் வழக்குத் தொடுத்தது. திருவனந்தபுரத்தில் வெளியான சில நாள்களிலேயே காட்சி நின்றது. படி பதிப்பகத்தார் வசம் சென்றது. தயாரிப்பாளருக்கு அது பேரிழப்பு. ஆனால் புத்தகக் கிடங்கில் படம் ஓட்டுவார் இல்லை, சுருள் தேயவில்லை. 1974இல் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதனைப் பெற்றது.

வழக்கின் சுவையில் படத்தின் சுவை மறக்கப்படுகிறது. பெயர் அரசனுடையது, உயிரோ அனந்தபத்மநாபன், பாருக்குட்டி காதலில் உள்ளது. காதலன் இறந்தான் என ஊரார் நம்புகின்றனர். அவள் நம்ப மறுக்கிறாள். இதனை முல்லையின் இருத்தல் என்பதா, நெய்தலின் இரங்கல் என்பதா? மீள்வான் என்னும் உறுதிமொழி இல்லாத காத்திருப்பாதலின் முல்லை முழுதும் பொருந்தாது. புதினம் இதனை உரையாடலால் நடத்துகிறது. படத்திலோ மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் அமைந்த எழுத்தட்டைகளே சொல். எஞ்சியவை முகமும் உடலும். மெய்ப்பாட்டியலைத் திரைக்குப் பொருத்திக் காண்பார்க்கு இதனினும் தக்க களம் அரிது.

சேகரிப்பு மதிப்பையும் இவ்வகையிலேயே அளத்தல் வேண்டும். இமான்சு ராய் தயாரித்த ஷிராஸ் (1928) என்னும் காதற்படம் பிரித்தானியக் கூட்டுத் தயாரிப்பாதலால் அந்நாட்டுக் காப்பகத்தில் தங்கி, 2017இல் புதுப்பொலிவு பெற்றது. பில்வமங்கள் (1919) படத்தின் ஒரு பகுதி பிரான்சிலிருந்து 2016இல் மீண்டது. மூன்றும் உள்நாட்டுச் சுற்றுக்கு அப்பால் கிடந்தவை. ஆதலின் தமிழ் ஊமைப்படங்களைத் தேடுவோர் பழைய கொட்டகைகளோடு நில்லாது, நீதிமன்றப் பதிவுகளையும் பதிப்பகக் கிடங்குகளையும் துருவுதல் தகும்.