தவணை நாள் தெரியும், கூலி நாள் தெரியாது

சித்தாள் வேலைக்குப் போகும் பெண்ணிடம் மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. ஐப்பசி அடைமழையில் கான்கிரீட் போடமாட்டார்கள். அந்த வாரம் கூலி கிடையாது. குழுக் கடனுக்கு மழையாவது, வெயிலாவது! செவ்வாய்க்கிழமை காலை சென்டர் லீடர் வீட்டுத் திண்ணையில் பணத்தை வைத்தாக வேண்டும். வருமானம் குறைவென்றாலும் தவறாமல் வந்தால் சமாளித்துவிடலாம். வருமா என்பதே தெரியாத நிலையைத்தான் நிதிப் பாதுகாப்பின்மை என்கிறார்கள்.

ஒரு தவணைக்குக் கம்மல் அடகுக்குப் போகும். அடுத்ததற்கு வேறு கம்பெனியில் இன்னொரு குழு. அதுவும் போதாவிட்டால் தண்டல்காரர். மாத்திரையைப் பாதி வாங்குவார்கள், பிள்ளையின் ஃபீஸ் தள்ளிப்போகும். ஒருத்தி கட்டவில்லை என்பதற்காகக் குழுவையே எழுந்திருக்கவிடாமல் உட்காரவைப்பதும் நடக்கிறது. தெருவில் மானம் போகுமே என்ற பயம்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

இதற்கெல்லாம் ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் வரம்பு போட்டிருக்கிறது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்வரை உள்ள குடும்பத்துக்கு அடமானமில்லாமல் தருவது மைக்ரோ ஃபைனான்ஸ் கடன்; குழுக் கடனும் இதில் அடங்கும். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கணக்குப் பார்க்க வேண்டியது கடன் கொடுப்பவர். நாலாவது கடனையும் தலையில் கட்டிவிட்டு, "நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க" என்பது அநியாயம்.

காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் போன் போட்டு நச்சரிக்கக் கூடாது. மிரட்டுவது, உறவினரைத் தொந்தரவு செய்வது, பெயரை ஊரறிய வெளியிடுவது எல்லாமே விதிமீறல். முன்கூட்டியே கடனை அடைத்தால் அபராதம் இல்லை. சம்மதமில்லாமல் இன்சூரன்ஸைச் சேர்க்க முடியாது. கடன் அட்டை உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும்.

மீறினால் நாள், நேரம், வந்தவர் பெயரைக் குறித்துக்கொண்டு கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். குறைதீர்ப்பு அதிகாரியின் எண் அட்டையிலேயே இருக்கும். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்றால் நேரே காவல் நிலையம்தான். 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி 3 ஆண்டுவரை சிறை உண்டு.

இவற்றால் கடன் தள்ளுபடி ஆகிவிடாது, கட்டத்தான் வேண்டும். அடுத்த மீட்டிங்குக்குப் போகுமுன் எல்லாத் தவணையையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். வீட்டு வருமானத்தில் பாதியைத் தாண்டினால் புதுக் கடனுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.