மூச்சுக்கு இரண்டு எஜமான்கள்

படவேட்டிலிருந்து கோட்டைமலை வேணுகோபால சுவாமி கோயிலுக்கு நடந்தே ஏறினால் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். கால் தசைகளுக்கு ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும், கரியமில வாயு வெளியேற வேண்டும். அந்தக் கணக்கைக் கவனிப்பது மூளைத்தண்டில் உள்ள முகுளம். மூச்சின் தாளத்தை அங்கே எழுப்பும் சிறு நரம்பணுக் கூட்டத்தை 1991இல் எலிகளிடம் அடையாளம் கண்டார்கள்.

ஏறும்போது சருகுக்குள் ஏதோ சரசரக்கிறது. கால் நிற்கிறது, மூச்சும் நிற்கிறது. தசைகளின் தேவை தீரவில்லையே, பிறகு நிறுத்தியது யார்?

அச்சத்தில் பெரும்பங்கு உள்ள மூளைப் பகுதியான அமிக்டலாவுக்கு முகுளம் வரை செல்வாக்கு உண்டு. அமெரிக்காவின் அயோவாவில் வலிப்பு நோயாளிகளின் அமிக்டலாவில் மெல்லிய மின்சாரம் செலுத்தியபோது மூச்சு நின்றதை 2015இல் பதிவு செய்தார்கள். நின்றது அவர்களுக்கே தெரியவில்லை! 2018இல் வந்த இன்னோர் ஆய்வு அதைவிட விசித்திரம்: வாயால் மூச்சு இழுத்தாலோ, மூச்சின் மேல் கவனம் வைத்தாலோ அது நிற்கவில்லை.

உணர்ச்சியின் பிடி மூச்சுக்குழாயையும் எட்டுகிறது. மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டால் நுரையீரலின் சிறு குழாய்களைச் சுற்றிய தசை இறுகும். 1968இல் நியூயார்க் மருத்துவர்கள் ஆஸ்துமாக்காரர்கள் 40 பேருக்கு வெறும் உப்புநீர்ப் புகையைக் கொடுத்து, ‘இது உங்களுக்கு ஒவ்வாத பொருள்’ என்றார்கள். 19 பேருக்குக் குழாய் சுருங்கியது. 12 பேருக்கு இளைப்பே வந்துவிட்டது. அந்த 12 பேருக்கும் அதே உப்புநீரை ‘மருந்து’ என்று கொடுத்ததும் தணிந்தது. இதைக் கேட்டு, ‘அப்போ எல்லாம் மனசுதான்’ என்று வீசிங் வந்தவரிடம் சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். குழாய் சுருங்கியதைக் கருவி அளந்திருக்கிறது. வீக்கமும் ஒவ்வாமையும் ஏற்கெனவே உள்ள குழாயை உணர்ச்சி மேலும் இறுக்குகிறது, அவ்வளவுதான். இன்ஹேலரைத் தூக்கிப் போட இது காரணமே ஆகாது.

உணர்ச்சிக்கும் மூச்சுக்கும் இடையிலான பாதை இருவழி. ஆடியில் படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலில் பம்பை முழங்க அருள் வந்து ஆடுபவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மூச்சும் ஆவேசமும் சேர்ந்தே ஏறும். மூச்சின் வேகத்தை முகுளமும் மேலே சொல்லி அனுப்புகிறது. தாளம் எழுப்பும் அந்தக் கூட்டத்திலேயே ஒரு சிறு பிரிவு, மூளையை விழிப்பூட்டும் பகுதிக்குச் சேதி அனுப்புவதை 2017இல் கண்டார்கள். அந்தப் பிரிவை நீக்கிய சுண்டெலிகள் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தன. ஆனால் புதுக் கூண்டில் விட்டால் வழக்கமாக மோப்பம் பிடித்து அலையும் அவை, ஓரிடத்தில் உட்கார்ந்து நிதானமாக உடம்பை நக்கிச் சுத்தம் செய்யத் தொடங்கின.