நோவில்லாத செங்கண்மாரியும் ஈரல் சத்திரசிகிச்சை நிபுணரின் வேலையும்

கிழக்கிலங்கையின் சொறிக்கல்முனைப் பக்கத்தில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால் வீட்டில் முதலில் தேடுவது கீழ்காய்நெல்லியைத்தான். எண்ணெயையும் இறைச்சியையும் நிறுத்தி, பத்தியம் வைத்து இரண்டு மூன்று கிழமை பார்ப்பார்கள். வைரஸால் வந்த செங்கண்மாரி பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடுவதால் அந்த நம்பிக்கை நிலைத்திருக்கிறது. ஐம்பது வயது தாண்டிய ஒருவருக்கு, வயிற்று நோவும் காய்ச்சலும் இல்லாமல் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும் செங்கண்மாரி வேறு சங்கதி. சிறுநீர் கடும் தேயிலைச்சாய நிறத்தில் போகும், மலம் வெளிறும், உடம்பெல்லாம் சொறிச்சல் எடுக்கும். பித்தநீர் குடலுக்கு இறங்கும் வழி எங்கோ அடைபட்டிருக்கிறது என்பதே இதன் பொருள். அடைத்திருப்பது கல்லாக இருக்கலாம். கணையத்தின் தலைப்பகுதியில் வளரும் புற்றாகவும் இருக்கலாம். பத்தியத்தில் கழியும் அந்தக் கிழமைகளைப் புற்று வந்தவருக்கு யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

ஈரல், பித்தவழி, கணையம் ஆகிய மூன்றுக்கும் தனியாகப் பயின்ற சத்திரசிகிச்சை நிபுணர்கள் இருக்கிறார்கள். அவர்கள் என்ன செய்கிறார்கள், ஏன் அதற்கு ஒரு வாழ்நாள் தேவைப்படுகிறது என்று தெரிந்துகொண்டால், நாம் எப்போது, எங்கே போகவேண்டும் என்பதும் விளங்கும்.

கணையத்தில் கைவைப்பது ஏன் கடினம்?

கணையம் (பாடப்புத்தகத்தில் சதையி) இரைப்பைக்குப் பின்னால், முள்ளந்தண்டை ஒட்டி ஆழத்தில் கிடக்கிறது. குடலுக்கும் ஈரலுக்கும் போய்வரும் பெரிய இரத்தக்குழாய்கள் அதை உரசிக்கொண்டு ஓடுகின்றன. அதன் தலையில் புற்று வந்தால் தலையை மட்டும் வெட்டியெடுக்க முடியாது. முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயின் கீழ்ப்பகுதி, சிலவேளை இரைப்பையின் ஒரு பகுதி எல்லாம் சேர்ந்தே வெளியே வரவேண்டும். பிறகு மீதிக் கணையம், பித்தக்குழாய், இரைப்பை மூன்றையும் தனித்தனியாகக் குடலோடு தைத்து இணைக்கவேண்டும். 1935இல் நியூயோர்க்கில் அலன் விப்பிள் இதை இரண்டு கட்டமாகச் செய்து வெளியிட்டார். இன்றும் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள்.

மூன்று தையல்களில் மிகவும் பயப்படவேண்டியது கணையத் தையல். உணவைச் செரிக்கவைக்கும் நீர் அங்கே கசிந்தால், பக்கத்திலுள்ள தசையையும் இரத்தக்குழாயையும் அரிக்கத் தொடங்கும். அந்தக் கசிவை நேரத்தோடு கண்டுபிடிக்கும் தாதி, மயக்கமருந்து வைத்தியர், தீவிர சிகிச்சைப் பிரிவு, இரவிலும் ஸ்கேன் எடுக்கக்கூடிய வசதி எல்லாம் சேர்ந்தே நோயாளியைக் காப்பாற்றுகின்றன. 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கணையச் சத்திரசிகிச்சையை மிக அரிதாகச் செய்யும் வைத்தியசாலைகளில் 100 பேரில் ஏறத்தாழ 16 பேர் இறந்தார்கள். ஆண்டுக்கு 16க்கு மேல் செய்யும் வைத்தியசாலைகளில் அது 4 பேருக்கும் குறைவு.

வெட்டியெடுத்த பிறகும் நோய் திரும்புவதுண்டு. இங்கிலாந்தின் லிவர்பூலில் ஜோன் நியோப்டோலெமோஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் அதைக் குறைக்க மருந்து உதவுமா என்பதைப் பல நாட்டு நோயாளிகளை வைத்து ஆராய்ந்தார். 2004இல் வந்த முடிவின்படி, சத்திரசிகிச்சைக்குப் பின் புற்றுநோய் மருந்தும் பெற்றவர்களில் 100க்கு 21 பேர் ஐந்து ஆண்டு தாண்டி வாழ்ந்தார்கள். பெறாதவர்களில் 8 பேர். அதன் பிறகு மருந்துகள் இன்னும் மேம்பட்டிருக்கின்றன. ஆனால் நோயைக் கண்டுபிடிக்கும் நேரத்தில் வெட்டியெடுக்கும் நிலையில் இருப்பவர் ஐந்து பேரில் ஒருவர்தான், சிலவேளை அதிலும் குறைவு.

ஈரல் வளரும்; எல்லா ஈரலும் வளராது

ஈரலில் எட்டுப் பகுதிகள் உண்டு என்று 1957இல் பிரான்சின் குய்னோ வரைந்து காட்டினார். அதற்கு முன்பே ஹனோயில் தோன் தாட் துங் என்ற வியட்நாமிய வைத்தியர், இறந்தவர்களின் ஈரல்களைப் பொறுமையாகப் பிரித்து, உள்ளே இரத்தக்குழாய்கள் ஓடும் வழியை 1939இல் எழுதிவைத்தார். போர் நடந்த நாட்டில் அந்த அறிவைக்கொண்டே ஈரல் புற்றுகளை வெட்டியெடுத்தார். குழாய்களின் வழி தெரிந்தால் பெரும் இரத்தப்போக்கு இல்லாமல் ஒரு பகுதியை அகற்றலாம்.

நல்ல ஈரலில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சினாலும் அது சில மாதங்களில் வளர்ந்து ஈடுசெய்துவிடும். தழும்பேறி இறுகிய ஈரல் அப்படி வளராது. ஈரல் புற்றுநோயாளரில் பெரும்பாலானோருக்கு இருப்பது அந்த இறுகிய ஈரல்தான். அவர்களுக்கு ஈரலையே மாற்றுவது எந்த அளவுக் கட்டிவரை நல்ல பலன் தரும் என்பதை 1996இல் இத்தாலியின் மிலான் நகரத்து மஸாபெரோ காட்டினார்: 5 சென்ரிமீற்றருக்கு மேற்படாத ஒரு கட்டி, அல்லது ஒவ்வொன்றும் 3 சென்ரிமீற்றருக்கு மேற்படாத, மூன்று வரையான கட்டிகள். இந்த அளவுக்குள் பிடிபட்டவர்களில் 100க்கு 75 பேர் நான்கு ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள்.

மாற்று ஈரலில் தமிழர் பெருமையோடு சொல்லக்கூடிய பெயர் முகமது ரேலா. மயிலாடுதுறைக்கு அருகே கிளியனூரில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, லண்டன் கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலைக்குப் போனவர். 1997இல், பிறந்து 5 நாளேயான குழந்தைக்கு அங்கே ஈரல் மாற்றினார். பிறகு ஊர் திரும்பி, 2018இல் சென்னை குரோம்பேட்டையில் தன் பெயரிலேயே ஒரு வைத்தியசாலையைத் தொடங்கினார்.

ராகமையில் கண்டது

நமது நாட்டில் இந்த வேலை நடக்கும் இடங்களில் முக்கியமானது ராகமை, கொழும்பு வடக்கு போதனா வைத்தியசாலை. களனிப் பல்கலைக்கழகச் சத்திரசிகிச்சைப் பேராசிரியர் ரொஹான் சிறிவர்தன அங்கே ஈரல் புற்றுகளை வெட்டியெடுக்கிறார், ஈரல் மாற்றுகிறார். தன்னிடம் வந்த நோயாளரின் விபரங்களைச் சேர்த்து, மருத்துவப் பேராசிரியர்களோடு ஆராய்ந்தும் எழுதுகிறார்.

அந்த ஆய்வுகள் நமக்கு நேரடியாக ஒன்று சொல்கின்றன. ஆசிய நாடுகள் பலவற்றில் ஈரல் புற்றுக்கு முதற்காரணம் ஹெப்படைற்றிஸ் பி வைரஸ். இலங்கையில் பெரும்பாலான நோயாளரிடம் அந்த வைரஸ் இல்லை. கொழுப்பு படிந்த ஈரல், சீனி வருத்தம், உடற்பருமன், சிலரிடம் மதுப்பழக்கம் என்பவையே பின்னணியில் இருந்தன. ராகமையில் 2007இல் தொடங்கிய மக்கள் ஆய்வில், 35 முதல் 64 வயதானோரில் மூன்றில் ஒருவருக்கு ஈரலில் கொழுப்பு இருந்தது. சோறும் சீனித்தேநீரும் கூடி, உடல் உழைப்புக் குறைந்துவரும் நமது ஊர்களும் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை. மது தொடாதவருக்கு ஈரல் கெடாது என்ற எண்ணம் பிழையானது. அது பல வீடுகளில் ஆபத்தான நிம்மதியைத் தருகிறது.

நாம் செய்யவேண்டியது

நோவில்லாத செங்கண்மாரி வந்தால் சில நாட்களுக்குள் இரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எடுக்கவேண்டும். ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாகச் சீனி வருத்தம் வந்தவர்களில் நூற்றில் ஏறத்தாழ ஒருவருக்கு மூன்று ஆண்டுக்குள் கணையப் புற்று தெரியவருவதாக அமெரிக்காவின் மேயோ வைத்தியசாலையில் சுரேஷ் சாரி கண்டார். மற்ற 99 பேருக்கு அப்படி ஒன்றுமில்லை. ஆகவே பயம் தேவையில்லை. ஆனால் புதிய சீனி வருத்தத்தோடு காரணமில்லாமல் உடம்பும் மெலிந்தால் கிளினிக்கில் அதை வாய்திறந்து சொல்லவேண்டும். ஈரல் இறுகியதாகச் சொல்லப்பட்டவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கவேண்டும். சிறு கட்டி அப்போதுதான் பிடிபடும். 2003 முதல் தேசிய தடுப்பூசித் திட்டத்தில் ஹெப்படைற்றிஸ் பி ஊசி இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதைத் தவறவிடக்கூடாது.

மாரியில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் கல்முனைக்குப் போவதே பெரும்பாடு. அங்கிருந்து மட்டக்களப்பு, பிறகு நாட்டின் மறுகரையிலுள்ள ராகமை என்றால் குடும்பமே தயங்கும். பக்கத்திலேயே முடித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். முதற்பரிசோதனைக்குக் கல்முனை போதும். ஈரலையும் கணையத்தையும் வெட்டுவதற்கு, அதை அடிக்கடி செய்யும் இடத்துக்கே போகவேண்டும். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். அங்கே அனுப்பக் கடிதம் எழுதித் தரச்சொல்லிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. “இந்த ஓபரேஷனை இங்கே வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்?” என்று வைத்தியரிடம் கேட்பது மரியாதைக் குறைவல்ல. அது நோயாளியின் உயிரோடு சம்பந்தப்பட்ட கேள்வி. நல்ல வைத்தியர் அதற்கு நேராகப் பதில் சொல்வார்.