மாதர் நோயும் ஆண் மருத்துவரும்

மருத்துவம் என்பது நான்கு கூறுடையது என்றார் வள்ளுவனார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிசெய்பவன் என்பன அவை. இந்நான்கனுள் ஒன்று குறையினும் மருத்துவம் முற்றுப்பெறாது. நம் நாட்டு மாதர்க்கு வரும் சில நோய்களிலோ, நான்கும் ஒருங்கிருந்தும் மருத்துவம் நடவாதிருத்தலைக் காண்கின்றோம். நோயுற்றாளுக்கும் மருத்துவனுக்கும் இடையே கண்ணுக்குப் புலனாகாத திரையொன்று தொங்குகின்றது. அத்திரைக்கு நாணம் என்று பெயர். அது பெண்ணைக் காக்கின்றதா, கொல்கின்றதா என்பதே இவ்வியாசத்தில் நாம் ஆராயப் புகுந்த பொருள்.

ஆடவராகிய நாம் இப்பொருளை எழுதத் துணிந்தமைக்குக் காரணம் உண்டு. எம் சுற்றத்தில் மூதாட்டியார் ஒருவர் இருந்தார். மேலூருக்கு அணித்தாகிய சிற்றூரில் வாழ்ந்தவர். மாதவிடாய் நின்று பல்லாண்டு கழிந்தபின் அவருக்கு மீண்டும் உதிரப்போக்குத் தோன்றிற்று. அருகிலிருந்த மருத்துவமனையொன்றுக்கு அவர் ஒருமுறை செல்லவே செய்தார். ஆனால் ஆங்கிருந்தவர் இளைஞரான ஆண் மருத்துவர். மூதாட்டியார் தலைவலி என்று சொல்லி, நான்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். ஓராண்டுக்கு மேல் ஒருவருக்கும் வாய்திறந்திலர். முடிவில் மதுரைக்குக் கொணர்ந்தபோது கருப்பைவாய்ப் புற்று முற்றியிருந்தது. "அந்தத் தம்பிகிட்ட எப்படிப்பா சொல்றது? என் பேரன் வயசு" என்று அவர் கூறிய சொல் இன்றும் எம் செவியில் ஒலிக்கின்றது. அச்சொல்லை அறியாமை என்று ஒதுக்கிவிட எம்மால் இயலவில்லை.

இந்நாணம் எங்கிருந்து வந்தது? தொல்காப்பியர் பெண்ணுக்குரிய இயல்புகளைக் கூறுமிடத்து அச்சம், நாண், மடம் என்னும் மூன்றனையே சொன்னார். பின்வந்தோர் பயிர்ப்பு என்னும் நான்காவதையும் கூட்டினர். பயின்றறியாத ஒன்றனிடத்து உண்டாகும் அருவருப்பே பயிர்ப்பு என்பர். அயலான் கை மேலே படும்போது மெய் கூசுதலையும் அச்சொல்லாலேயே குறிப்பர். தலைமுறை தலைமுறையாகப் பெண்மக்களுக்கு இக்குணத்தை அணியென்று கற்பித்துவிட்டு, நோய் வந்த ஒரு நாளில் அதனைக் கழற்றி வைத்துவிடு என்றால் அவர்கள் யாங்ஙனம் இயைவர்?

முற்காலத்தில் இவ்விடர் இவ்வளவு தோன்றவில்லை. ஊர்தோறும் மருத்துவச்சி இருந்தாள். அவள் பெரும்பாலும் நாவிதர் குலத்துப் பெண். தாய்க்கும் மகளுக்கும் பேத்திக்கும் அவளே பிள்ளைப்பேறு பார்த்தாள். அவளிடம் சொல்லத்தகாதது ஒன்றுமில்லை. இயல்பான பேற்றில் அவள் கைத்திறம் போதுமானது. குழவி குறுக்கே கிடப்பினும், உதிரம் நில்லாது பெருகினும், அவளால் ஆவதொன்றில்லை. அந்நிலையிலும் ஆண் மருத்துவரை உள்ளே விட நல்ல குடும்பத்தார் உடன்படார். எத்துணைப் பெண்கள் அவ்வாறு மாண்டனர் என்பதற்குக் கணக்கில்லை.

கணக்கில்லாத அச்சாவுகளுள் மூன்று மட்டும் உலகறியப் பெற்றன. 1890-ஆம் ஆண்டையொட்டித் திண்டிவனத்தில் அமெரிக்க மிஷன் மருத்துவர் ஸ்கடர் வாழ்ந்த இல்லத்தில் ஓரிரவு நிகழ்ந்ததை அவர் மகள் ஐடா ஸ்கடர் பிற்காலத்தில் பலமுறை எடுத்துரைத்தார். ஒருவர் பின் ஒருவராக மூவர் வந்து கதவைத் தட்டினர். மூவர் மனைவியரும் பேறுகாலத் துன்பத்தில் இருந்தனர். மூவரும் அழைத்தது அந்த இளம்பெண்ணையே. "எனக்கு மருத்துவம் தெரியாது, என் தந்தையார் வருவார்" என்ற பொருள்பட அவர் சொல்லியும், ஆண்மகன் தம் மனைவியைப் பார்த்தல் ஆகாது என்று மூவரும் மறுத்துச் சென்றனர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபட்டிருந்தனர். அமெரிக்கா திரும்பி மணஞ்செய்து வாழக் கருதியிருந்த ஐடா அன்றே தம் எண்ணத்தை மாற்றினார். 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு பணி தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி நிறுவினார்.

சென்னையில் இதற்கு முன்னரே ஒரு முயற்சி நடந்தது. வழக்கறிஞர் ஒருவரின் மனைவியாக அந்நகர் வந்த மேரி ஷார்லீப், கோஷா மாதர் மருத்துவமின்றி வருந்துதலைக் கேட்டறிந்து, தாமே கற்கத் துணிந்தார். 1875-இல் அவரும் வேறு மூன்று பெண்களும் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்க்கப்பட்டனர். பின்னர் இலண்டனில் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர் முயற்சியால் 1885-இல் கோஷா மருத்துவமனை எழுந்தது. திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி பெயரால் விளங்குவது அதுவே. புதுக்கோட்டையிற் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியார் 1912-இல் சென்னைக் கல்லூரியில் பட்டம் பெற்றபோது, தமிழ்ப்பெண்ணே தமிழ்ப்பெண்ணுக்கு மருத்துவம் செய்யும் காலம் பிறந்தது. கடல் கடந்த யாழ்ப்பாணத்திலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இணுவிலில் மாதர்க்கென்றே மருத்துவமனை அமைந்தது.

நம் மதுரையின் வரலாறும் இதனையே காட்டும். அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்த மருத்துவ அம்மையார் பாலின் ரூட் 1885-இலும், ஹாரியட் பார்க்கர் 1895-இலும் இந்நகர் வந்தனர். ஆடவர்க்கு வான் ஆலன் என்னும் மருத்துவர் 1897-இல் ஆல்பர்ட் விக்டர் மருத்துவமனையைத் திறந்தார். மாதர்க்கோ பார்க்கர் அம்மையார் பொறுப்பில் வேறு மனை இருந்தது. ஒரே மிஷன், ஒரே நகர். எனினும் மருத்துவமனை இரண்டு. பொருட்செலவு மிகுமென்று அறிந்தும் அவ்வாறு செய்ததற்குக் காரணம், ஒன்றாக வைப்பின் பெண்கள் வாரார் என்பதேயாம். பிற்காலத்தில் இரண்டும் ஒன்றாகி, கீழவெளி வீதியில் கிறிஸ்தவ மிஷன் மருத்துவமனையாக நிலவுகின்றன.

இஃது இந்நாட்டார்க்கே உரிய குறை என்று கருதுதல் தவறு. மருத்துவர் கழுத்தில் இன்று தொங்கும் இதயத்துடிப்புமானி பிறந்த கதையைப் பாருங்கள். 1816-இல் பாரிஸ் நகரத்து லாயென்னக் என்னும் மருத்துவர், இளம்பெண்ணொருத்தியின் மார்பில் தம் செவியை வைத்துக் கேட்கக் கூசிக் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். அக்குழலே பின்னர்க் கருவியாயிற்று. நாணம் ஈண்டு அறிவுக்குத் தடையாகாமல் தாயாயிற்று என்க.

வியன்னா நகரத்துச் செய்தி இன்னும் ஆழமானது. அங்கிருந்த பெரிய மருத்துவமனையில் பேறுகாலப் பிரிவு இரண்டு இருந்தன. முதலாவதில் மருத்துவ மாணாக்கரும், இரண்டாவதில் மருத்துவச்சிகளும் பயின்றனர். ஏழைப் பெண்கள் முதற்பிரிவில் தம்மைச் சேர்க்கவேண்டாம் என்று முழந்தாளிட்டு மன்றாடினர். அதனைப் பேதைமை என்றே பலர் கருதினர். ஆனால் 1840-களில் முதற்பிரிவில் பேறுகாலச் சுரத்தால் இறந்த தாய்மார் 100-க்கு ஏறத்தாழ 10 பேர். இரண்டாவதில் 4 பேர் அளவே. பிணவறையில் உடல்களை அறுத்த கையோடு மாணாக்கர் தாய்மாரைத் தொட்டதே காரணம் என்பதை 1847-இல் செம்மல்வைஸ் கண்டு, குளோரின் கலந்த நீரில் கைகழுவச் செய்தார். சாவு குறைந்தது. காரணம் அப்பெண்களுக்குத் தெரியாது. எனினும் அவர்கள் அச்சம் பொய்யன்று. நோயுற்றவர் மறுக்கும்போது நகைத்தல் கூடாது, காரணம் தேடவேண்டும் என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

இனி இற்றைநாள் நிலையை நோக்குவோம். மகப்பேற்று மருத்துவத்தில் இன்று பெண்களே மிக்கு விளங்குகின்றனர். 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 100 பேறுகளுள் 99-க்கும் மேற்பட்டவை மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்ந்தன. திண்டிவனத்து இரவு மீண்டும் வாராது என்று மகிழலாம். ஆயினும் திரை முற்றும் விலகிற்றா? பேறுகால வேதனையில் பெண் எவர் கையையும் ஏற்றுக்கொள்கின்றாள். வெள்ளைப்படுதல், தீராத உதிரப்போக்கு, அடியிறக்கம், மார்பகக் கட்டி ஆகிய இவற்றிலேதான் அவள் ஒளிக்கின்றாள். இவை உடனே கொல்லாதவை. ஆதலின் நாளை பார்ப்போம் என்று தள்ளுதற்கு இடந்தருபவை.

சொல்லும் ஒரு தடையே. பெண்ணுக்குப் பெண் பேசிக்கொள்ளும்போது இந்நோய்களுக்கெல்லாம் பெயருண்டு. ஆண்முன் பேசும்போது யாவும் வயிற்றுவலி என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடும். எம் மூதாட்டியார்க்கு அது தலைவலியாயிற்று. மறைமொழியை உணர்ந்து, மென்மையாக மேலும் இரண்டு வினா கேட்கும் மருத்துவர்க்கே மெய்ந்நோய் வெளிப்படும்.

எல்லாப் பெண்களும் ஆண் மருத்துவரை வெறுப்பர் என்பதும் உண்மையன்று. கைராசிக்காரர் என்று பேர்பெற்ற ஆண் மருத்துவரைத் தேடிச் சிற்றூர்ப் பெண்கள் மதுரைக்குப் பேருந்தேறி வருதலை நாம் கண்டதுண்டு. உள்ளூர் மருத்துவச்சியோ செவிலியோ உறவினராயிருப்பின் செய்தி வெளியாகும் என்று அஞ்சி, முன்பின் அறியாத ஆண் மருத்துவரே நலம் என்பாரும் உளர். பேறுகாலத்தில் பெண் பணியாளரிடமே கடுஞ்சொல் கேட்டு மனம் நொந்தாரும் உளர். ஆதலின், தொடுபவர் ஆணா பெண்ணா என்பதொன்றே வினாவன்று. எவ்வாறு தொடுகின்றார், முன்னே சொல்லித் தொடுகின்றாரா, மறைப்பு இருந்ததா, அருகில் எவர் நின்றார் என்பனவும் வினாக்களேயாம்.

ஈண்டு வள்ளுவனார் கூறிய நான்காம் கூறு நினைக்கத்தக்கது. ஆண் மருத்துவர் பெண்ணின் உடலை ஆராயும்போது வேறொரு பெண் உடனிருத்தல் வேண்டும் என்பதைத் தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனம் உரிமையாகவே கூறுகின்றது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பேறுகாலத்தில் தாய்க்குத் துணையாகப் பெண்ணொருத்தியை உடனிருக்க விடும் ஏற்பாடு 2004-இல் தொடங்கிற்று. இவ்வுரிமைகளைச் சுவரில் எழுதி வைத்தால் போதாது. வாயிலில் தயங்கி நிற்பவளிடம் எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். "உன் தாயாரை உள்ளே அழைத்துக்கொள்ளலாம், அம்மா" என்னும் ஒரு சொல்லுக்கு மருந்தினும் வலிமை உண்டு.

மதுரைக்கு வடக்கே திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஆராய்ச்சியொன்று இவ்விடத்தில் குறிப்பிடற்பாலது. 30 முதல் 59 வயது வரையுள்ள சிற்றூர்ப் பெண்களுக்குக் கருப்பைவாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்க்கும் எளிய சோதனை செய்யப்பட்டது. கேடுற்ற இடம் வெளுத்துத் தோன்றும். இதற்குப் பெருங்கருவியும் வேண்டா, பெருமருத்துவரும் வேண்டா. பயிற்சி பெற்ற செவிலியரே செய்தனர். அழைக்கப்பட்ட 49,311 பெண்களுள் 31,343 பேர் சோதனைக்கு உடன்பட்டனர். சோதனைக்கு அழைக்கப்பெறாத ஊர்களோடு ஒப்பிட, அழைக்கப்பெற்ற ஊர்களில் இப்புற்று நோய் நூற்றுக்கு 25 பங்கும், அதனால் வரும் சாவு 35 பங்கும் குறைந்தன என்று 2007-இல் வெளியான முடிவு கூறும். ஊருக்கு அருகிலேயே, பழகிய மொழியில், முன்னே விளக்கிச் சொல்லி அழைத்தால் நம் பெண்கள் வருவர் என்பதற்கு இது சான்று. அங்ஙனம் அழைத்தும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் வந்திலர் என்பதையும் மறத்தலாகாது. அவர்கள் பொருட்டே இன்னும் பேசவேண்டியிருக்கின்றது.

பெண்களைப் பெண்களே பார்க்க வேண்டும் என்று எழுந்த வேலூர்க் கல்லூரி 1947-இல் ஆடவரையும் மாணாக்கராக ஏற்றது. எந்நாளும் எவ்விடத்தும் பெண் மருத்துவரே கிடைப்பர் என்று எண்ணுதற்கில்லை. நள்ளிரவில் சிற்றூர் நிலையத்தில் இருப்பவர் ஆணாகவே இருக்கலாம். அறுவைக்கு மயக்கமருந்து தருபவரும் ஆணாயிருக்கலாம். ஆதலின் பெண் மருத்துவரைப் பெருக்குதலும் வேண்டும். ஆண் மருத்துவரைத் தகுதியுடையராக்குதலும் வேண்டும். பெண் மருத்துவரைக் கேட்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு. அவர் இல்லாதபோது உயிரை விடாதிருக்கும் உரிமையும் அவளுக்கு உண்டு.

பன்னிரண்டாண்டு உதிரப்போக்கால் வருந்தி, மருத்துவர் பலரிடம் கைப்பொருளெல்லாம் இழந்த ஒரு பெண், கூட்டத்தின் நடுவே பின்புறமாய் வந்து ஆடையை மட்டும் தொட்ட கதையைச் சுவிசேஷத்தில் நாம் கற்றிருக்கின்றோம். முன்னே வந்து கேட்க அவளுக்கு வாயில்லை. குணமாக்கியவர் அவளை மகளென்று அழைத்துச் சமாதானத்தோடே அனுப்பினார். ஏன் ஒளித்தாய் என்று கடிந்துகொள்ளவில்லை.

எம் மூதாட்டியார் சென்ற அந்நாளில் ஆங்கிருந்த இளைய மருத்துவர் தீயவரல்லர். தலைவலி என்றாள், மருந்து கொடுத்தார். வேறேதும் உண்டோ என்று கேட்க ஒரு செவிலியை அருகே அழைத்திருப்பாராயின், ஒருவேளை அவர் இன்றும் எம் இல்லத் திண்ணையில் அமர்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பார். வீட்டில் உள்ள ஆடவராகிய நாமும் அவர் முகவாட்டத்தைக் கண்டு கேட்டோமில்லை. திரையை நெய்தவர் பெண்கள் மட்டும் அல்லர். அதனை மெல்ல விலக்கும் கடமையில் நமக்கும் பங்குண்டு.